பரணில் கிடைத்த வெள்ளி ரூபாய்: பிரிப்பதா, வைப்பதா, விற்பதா?

அப்பத்தாவின் பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாள், பரணைச் சுத்தம் செய்யும்போது ஒரு பழைய பிஸ்கட் டப்பா கிடைத்தது. உள்ளே வேட்டித் துணியில் சுற்றி 61 காசுகள். அரை மணி நேரத்துக்குள் வீடு இரண்டு கட்சியாகிவிட்டது. "கடைவீதியில் போட்டுட்டு ஆளுக்குப் பங்கு வச்சுக்கலாம்" என்றார் சித்தப்பா. "ராணி காசு ஒண்ணு லட்ச ரூபாய் போகுதாம், யூடியூப்ல பார்த்தேன்" என்றான் தம்பி மகன். இரண்டு பேர் சொன்னதுமே தப்பு என்று எனக்குப் புரிய மூன்று மாதம் பிடித்தது.

அந்த டப்பாவைப் போல உங்கள் வீட்டிலும் ஒன்று இருந்தால், அதை "மொத்தமாக விற்கலாமா, மொத்தமாக வைக்கலாமா" என்று யோசிப்பதிலேயே நஷ்டம் தொடங்கிவிடுகிறது. ஒவ்வொரு காசுக்கும் தனித்தனி பதில் உண்டு. அந்தப் பதிலுக்கு எப்படிப் போய்ச் சேருவது என்பதைத்தான் எழுதுகிறேன்.

முதலில் கையைக் கட்டிக்கொள்ளுங்கள்

தேய்க்காதீர்கள். புளி, விபூதி, பல்பொடி, பாத்திரம் விளக்கும் பொடி எதுவும் வேண்டாம். குத்துவிளக்கை விளக்கிப் பழகிய கை சும்மா இருக்காது, தெரியும். நானே ஒரு மொட்டைத்தலை ராஜா காசை (ஏழாம் எட்வர்டுதான், கிரீடம் இல்லாமல் வழுக்கையோடு இருப்பார்) புளியும் விபூதியும் போட்டுத் தேய்த்தேன். கரண்டி மாதிரி பளபளத்தது. மதுரையில் ஒரு நாணயக் கண்காட்சியில் அதைக் காட்டியபோது கடைக்காரர் லென்ஸைக்கூட எடுக்கவில்லை. "இது இனிமே கிராம் கணக்குதான் சார்" என்று தள்ளி வைத்துவிட்டார். காசின் மேல் இருக்கும் கருமையும் நீலம் பாய்ந்த சாம்பல் நிறமும் அழுக்கல்ல. வெள்ளி காற்றிலுள்ள கந்தகத்தோடு சேர்ந்து பல வருஷமாக உருவான படலம். சேகரிப்பவர்கள் அதற்காகவே கூடுதல் விலை தருவார்கள். தேய்த்தால் படலத்தோடு மேல்பரப்பும் போய்விடும், திரும்ப வராது.

மண் ஒட்டியிருந்தால் சாதாரணத் தண்ணீரில் கொஞ்ச நேரம் போட்டு வைத்து, துணியால் தேய்க்காமல் ஒற்றி எடுங்கள். அது போதும்.

முகத்தை வைத்துப் பிரித்தல்

ஒரு வெள்ளை வேட்டியை விரித்து, ராஜா, ராணி முகத்தை வைத்து வரிசையாக அடுக்குங்கள். 1835-இல் கிழக்கிந்தியக் கம்பெனி இந்தியா முழுவதற்கும் ஒரே ரூபாயைக் கொண்டுவந்ததிலிருந்து கணக்கு நேராக இருக்கிறது.

1835 என்று போட்டிருப்பது நான்காம் வில்லியம். 1840 என்றால் இளவயது விக்டோரியா. 1862-லிருந்து கம்பெனி பெயர் போய், பின்பக்கம் இந்தியா என்று வந்துவிடும். 1877-லிருந்து ராணி என்பதற்குப் பதில் பேரரசி என்று ஆங்கிலத்தில் இருக்கும். 1903 முதல் 1910 வரை எட்வர்டு. 1911-லிருந்து கிரீடமும் அங்கியுமாக ஐந்தாம் ஜார்ஜ். 1938-லிருந்து ஆறாம் ஜார்ஜ்.

இதில் பலர் ஏமாறுவது வருஷத்தில். 1840 என்று போட்ட காசு 1840-இல் மட்டும் அடித்ததல்ல. அதே வருஷத்தைப் போட்டு இருபது வருஷத்துக்கு மேல் அடித்தார்கள். 1862-ம் அப்படித்தான், 1874 வரை அதே எண்தான். அதனால் "160 வருஷப் பழைய காசு" என்பதே அபூர்வத்துக்கு அடையாளம் ஆகாது. எங்கள் பக்கத்து வீடுகளில் 1862 காசு இல்லாத பெட்டியை நான் பார்த்ததில்லை.

இன்னொரு பெரிய கோடு 1940-இல் விழுகிறது. அதற்கு முந்தைய வெள்ளி ரூபாயில் பன்னிரண்டில் பதினொரு பங்கு வெள்ளி, அதாவது 91.7 சதவீதம். எடை 11.66 கிராம், சரியாக ஒரு தோலா. நாட்டு மருந்துக்கடைக்காரர்கள் "ரூபாய் எடை" என்று சொல்வது இதைத்தான். மூன்று ரூபாய் எடை ஒரு பலம், எட்டுப் பலம் ஒரு சேர். இரண்டாம் உலகப்போரில் வெள்ளிக்குத் தட்டுப்பாடு வந்ததும் 1940-இல் வெள்ளியைப் பாதியாகக் குறைத்தார்கள். 50 சதவீதம் வெள்ளி, 40 செம்பு, மீதி நிக்கலும் துத்தநாகமும். எடையை மட்டும் மாற்றவில்லை. அதனால் கையில் வாங்கினால் வித்தியாசம் தெரியாது, விளிம்பைப் பார்க்க வேண்டும். பழைய காசின் விளிம்பில் நேர் வரிகள் மட்டும்தான். பாதி வெள்ளிக் காசில் அந்த வரிகளுக்கு நடுவே காசைச் சுற்றி ஒரு பள்ளம் ஓடும். 1947 ரூபாயில் வெள்ளியே கிடையாது. பின்பக்கம் புலி நடந்துபோகும், முழுக்க நிக்கல்.

பாதி வெள்ளி வந்த பிறகு, 1941-க்கும் 1943-க்கும் இடையில் விக்டோரியா, எட்வர்டு, ஜார்ஜ் என்று வரிசையாகப் பழைய வெள்ளி ரூபாய்களைச் செல்லாது என்று அறிவித்துத் திரும்ப வாங்கினார்கள். உங்கள் டப்பாவில் இருப்பவை அப்போது கொடுக்காமல் ஒளித்து வைத்தவை. என் அப்பத்தாவின் மாமியார் சாமர்த்தியசாலி என்று நினைத்துக்கொண்டேன்.

எங்கள் 61-இல் 48 பழைய முழு வெள்ளி, 7 பாதி வெள்ளி, 2 நிக்கல் புலி. மீதி நான்கைப் பற்றி அப்புறம்.

காந்தம், தராசு, ஒரு டம்ளர் தண்ணீர்

காந்தத்தை ஒரு முறை மேலே ஓட்டுங்கள். ஒட்டினால் வெள்ளி இல்லை. நிக்கல் புலி உடனே ஒட்டும். ஒட்டாவிட்டாலும் வெள்ளி என்று முடிவு கட்ட முடியாது, செம்பும் பித்தளையும்கூட ஒட்டாது. அடுத்தது தராசு. கிராமில் நூறில் ஒரு பங்கு காட்டும் சின்ன டிஜிட்டல் தராசு சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. தேய்ந்த ரூபாய் 11.3-லிருந்து 11.6 கிராம் வரை நிற்கும். 10 கிராமுக்கு வந்தாலோ 12-ஐத் தாண்டினாலோ சந்தேகப்படுங்கள்.

சந்தேகம் வந்த காசுக்குத் தண்ணீர்ச் சோதனை. டம்ளரில் முக்கால்வாசி தண்ணீர் ஊற்றித் தராசின் மேல் வைத்து, எண்ணைப் பூஜ்யமாக்குங்கள். காசை மெல்லிய நூலில் கட்டி, முழுதாக முழுகும்படி, அடியிலும் பக்கத்திலும் படாமல் தொங்கவிடுங்கள். நூலைக் கையிலேயே பிடித்திருக்க வேண்டும். இப்போது தராசு காட்டும் எண்ணால் காசின் எடையை வகுங்கள். நான் சோதித்த ஒரு 1907 ரூபாய் 11.60 கிராம், தண்ணீரில் 1.12 காட்டியது. வகுத்தால் 10.36. முழு வெள்ளி ரூபாய்க்கு 10.3 ஒட்டித்தான் வர வேண்டும், சரி. பாதி வெள்ளிக்கு 9.5 வரும். 9-க்குக் கீழே போனால் செம்பு, நிக்கல் கலந்த போலி. கை நடுங்கினால் எண் ஆடும். மூன்று முறை பார்த்து எடுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் டப்பாவில் இரண்டு காசுகள் இதில் விழுந்தன. ஒருபக்கம் ராமர் பட்டாபிஷேகம், மறுபக்கம் கிழக்கிந்தியக் கம்பெனி 1818 என்று இருக்கும். வெள்ளி முலாம். சித்தப்பாவுக்கு அதைத்தான் ரொம்பப் பிடித்திருந்தது. கம்பெனி அப்படி ஒரு காசை அடித்ததே இல்லை. பூஜையறையில் வைத்துக்கொள்ளுங்கள், தப்பில்லை. யார் லட்சம் தருவதாகச் சொன்னாலும் நம்பாதீர்கள்.

எது நிஜமாகவே அபூர்வம்?

இங்கேதான் நிதானம் வேண்டும். லென்ஸும் பக்கவாட்டு வெளிச்சமும் எடுத்துக்கொண்டு உட்காருங்கள்.

1939 ரூபாயைத் தேடுங்கள். முழு வெள்ளியில் வந்த கடைசி ரூபாய், மிகக் குறைவாகவே கிடைப்பது, விலையும் அதற்கேற்ப இருக்கும். அதனாலேயே 1938-இன் கடைசி 8-ஐச் சுரண்டி 9 ஆக்கிய காசுகளும் சந்தையில் உலவுகின்றன. கிடைத்தால் சந்தோஷப்படுவதற்கு முன் அந்த 9-ஐ லென்ஸில் பாருங்கள்.

1911 ரூபாய்க்கு ஒரு கதை உண்டு. ராஜாவின் அங்கியில் தொங்கும் பதக்க மாலையில் ஒரு யானை இருக்கிறது. தும்பிக்கை சின்னதாகப் போனதால் அது பன்றி மாதிரி தெரிந்தது. முஸ்லிம் மக்களிடையே எதிர்ப்பு கிளம்ப, 1912-இல் யானையைத் திருத்தி வரைந்தார்கள். 1911-ஐயும் 1912-ஐயும் பக்கத்தில் வைத்து அந்த யானையைப் பாருங்கள், வேடிக்கையாக இருக்கும். எட்ட முடியாத அபூர்வம் இல்லை, ஆனாலும் உருக்கும் குவியலில் போடக் கூடாது.

1840-இல் ராணியின் பெயர் தலைக்கு மேல் தொடர்ச்சியாக ஓடுகிறதா, தலையால் இரண்டாகப் பிரிந்து இரு பக்கமும் நிற்கிறதா என்று பாருங்கள். இரண்டும் தனித்தனி வகை. 1862-இன் பின்பக்கத்தில் வருஷத்துக்கு மேலும் கீழும் சின்னச் சின்னப் புள்ளிகள் இருக்கும். வருஷத்தை மாற்றாததால் அந்தப் புள்ளிகள்தான் அடித்த காலத்தைச் சொல்கின்றன. சிலர் புள்ளி எண்ணியே சேகரிக்கிறார்கள். பெரிய பணம் வராது, ஆனால் கிராம் விலைக்கு மேல் வரும்.

1918 முதல் 1920 வரையிலான ஜார்ஜ் ரூபாய்கள் ரொம்பச் சாதாரணம். ஆனால் ஒன்று சொல்ல ஆசை. முதல் உலகப்போரில் இங்கே வெள்ளி தீர்ந்துபோன சமயம், அமெரிக்கா 1918-இல் ஒரு சட்டம் போட்டு, தன் வெள்ளி டாலர்களில் சுமார் 27 கோடியை உருக்கியது. அதில் பெரும்பகுதி இந்தியாவுக்குத்தான் வந்தது. உங்கள் கையிலுள்ள 1919 ரூபாய் முன்பு டாலராக இருந்திருக்கலாம்.

இதெல்லாம் 1835-க்குப் பிந்தியவை. வெள்ளிக் கடைத் தராசில் வைக்கவே கூடாத கூட்டம் ஒன்று தமிழ்நாட்டு வீடுகளில் இருக்கிறது. பாரசீக எழுத்து மட்டும் உள்ள தடித்த ஆற்காட்டு ரூபாய், அதிலும் பிறைக் குறி இருந்தால் பிரெஞ்சுக்காரர்கள் புதுச்சேரியில் அடித்தது. ஒருபக்கம் கோபுரமும் மறுபக்கம் பெருமாளும் இருக்க, சுற்றிலும் தமிழில் "கால் வராகன்" என்று எழுதிய மதராஸ் காசு. தரங்கம்பாடியில் டேனிஷ்காரர்கள் அடித்த சின்ன ராயலின். கன்னியாகுமரிப் பக்கம் வீடுகளில் பருப்பு அளவுக்குத் திருவிதாங்கூர் வெள்ளிச் சக்கரம். இவற்றை எடை பார்த்து மதிப்பிடாதீர்கள், விலை வேறு இடத்தில் இருக்கிறது. எழுத்து புரியாத காசை எல்லாம் தனியாக எடுத்து வைத்துவிடுங்கள். சென்னை எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தின் நாணயப் பிரிவைப் போய் ஒருமுறை பார்த்தாலே பாதி அடையாளம் பிடிபடும்.

கடல் கடந்து வந்தவையும் இருக்கும். எங்கள் டப்பாவில் மலாயாவிலிருந்து வந்த 1907 ஸ்ட்ரெய்ட்ஸ் டாலர் ஒன்று, 20.21 கிராம், 90 சதவீதம் வெள்ளி. 1903, 1904 டாலர் இன்னும் கனம், 26.95 கிராம். ஆனால் 1919, 1920-இல் வந்த அதே டாலர் 16.85 கிராமாகச் சுருங்கிப் பாதி வெள்ளியாகிவிட்டது. இலங்கை 50 சதமும் அப்படித்தான், 1917 வரை 80 சதவீதம், 1919-லிருந்து 55. மிச்சமிருந்த ஒன்று 1969 காந்தி நூற்றாண்டுப் பத்து ரூபாய். 15 கிராமில் 80 சதவீதம் வெள்ளி. அதே வருஷத்துக் காந்தி ஒரு ரூபாய் வெறும் நிக்கல், குழப்பிக்கொள்ள வேண்டாம்.

ஒரு கடைசிச் சல்லடை: ஓட்டை போட்டது, கொக்கி வைத்துப் பற்றாசு போட்டது, தாவணியில் குத்திய அடையாளம் உள்ளது, விளிம்பு சுரண்டியது. எவ்வளவு அபூர்வமான வருஷமாக இருந்தாலும் சேகரிப்பவர் விலை பெரும்பாலும் போய்விடும். அப்படியான 1939 இருந்தால் மட்டும் ஒருவரிடம் கேட்டுவிடுங்கள்.

வெள்ளியாக என்ன தேறும்?

முழு வெள்ளி ரூபாயில் சுத்த வெள்ளி 10.69 கிராம், பாதி வெள்ளி ரூபாயில் 5.83. அரை ரூபாயில் அதில் பாதி, கால் ரூபாயில் கால். அன்றைய கிராம் விலையால் பெருக்கினால் போதும். கணக்குக்காகக் கிராம் 100 ரூபாய் என்று வைத்தால் முழு வெள்ளிக் காசு 1,069, பாதி வெள்ளி 583. விற்கப் போகும் அன்று காலை விலையைப் பார்த்துப் போட்டுக்கொள்ளுங்கள்.

இப்போது கடையில் நடப்பது. நாங்கள் உருக்கும் குவியலில் 40 காசுகளை வைத்தோம். மொத்தம் 458 கிராம். முதல் கடையில் ஒரு காசை உரைகல்லில் உரசிப் பார்த்துவிட்டு, "பழைய காசு, 80 டச்தான் வரும்" என்றார்கள். டச் என்றால் நூற்றுக்கு எத்தனை பங்கு சுத்த வெள்ளி என்ற கணக்கு. 80 என்றால் சுத்த வெள்ளி 366 கிராம். உண்மையான 91.7 என்றால் 420 கிராம். வித்தியாசம் 53 கிராமுக்கு மேல். ஐந்து முழுக் காசுகள் பேச்சோடு போகிறது! நான் பேசாமல் துணியைச் சுருட்டிக்கொண்டு எழுந்தேன். அடுத்த தெருவில் எக்ஸ்ரே மெஷின் வைத்திருந்த கடையில் மூன்று காசுகளை என் கண்முன்னே வைத்துப் பார்த்தார்கள். மூன்றும் 91-க்கு மேல். கழிவு எவ்வளவு என்று முன்னாலேயே கேட்டு, அதை மட்டும் கழித்துக்கொண்டு பணம் கொடுத்தார்கள்.

அதனால் வரிசை இதுதான்: பாதி வெள்ளியையும் முழு வெள்ளியையும் தனித்தனிப் பையில் போடுங்கள். கலந்து கொண்டுபோனால் எல்லாவற்றுக்கும் குறைந்த டச் போட்டுவிடுவார்கள். எடையை வீட்டிலேயே எழுதி எடுத்துப்போங்கள். மெஷினில் பார்க்கச் சொல்லுங்கள். உருக்கிப் பார்த்துத்தான் சொல்ல முடியும் என்றால், ஒன்றை மட்டும் உருக்கச் சொல்லுங்கள்.

உருக்க மனம் வருமா என்று கேட்டால், தேய்ந்து முகமே தெரியாத 1919 காசுக்கு எனக்கு வந்தது. நம் ஊர்ப் பெண்கள் தலைமுறை தலைமுறையாக இதே ரூபாயைப் பத்தரிடம் கொடுத்துத்தான் மெட்டியும் கொலுசும் அரைஞாணும் செய்துகொண்டார்கள். அதில் ஒரு பாவமும் இல்லை. கிராம் விலை ஏறும் காலத்தில் இப்படிப்பட்ட காசுக்குச் சேகரிப்பவர் தரும் விலையும் உருக்கு விலையும் ஏறக்குறைய ஒன்றாகிவிடும். காத்திருந்து பயனில்லை. விலை இன்னும் ஏறுமா என்று மனம் அடித்துக்கொண்டால் பாதியை இப்போதும் பாதியைத் தீபாவளிக்குப் பிறகும் விற்றுவிடுங்கள். நான் அப்படித்தான் செய்தேன், தூக்கம் கெடவில்லை.

நல்ல காசை எங்கே விற்பது?

கூர்மை குறையாத காசுகள், அபூர்வ வருஷங்கள், 1835-க்கு முந்தையவை ஆகியவை வெள்ளிக் கடைக்குப் போகக் கூடாது. சென்னை, மதுரை, கோவையில் அவ்வப்போது நடக்கும் நாணயக் கண்காட்சிகளுக்குப் போங்கள். குறைந்தது மூன்று மேசையில் காட்டுங்கள், முதல் மேசையில் விற்காதீர்கள். "எவ்வளவுக்குத் தருவீங்க?" என்று அவர்கள் கேட்டால், "நீங்க எவ்வளவுக்கு எடுப்பீங்க அண்ணே?" என்று திருப்பிக் கேளுங்கள். கையில் பட்டியல் விலை இருக்கட்டும், ஆனால் அந்த விலை கிடைக்கும் என்று எதிர்பார்க்காதீர்கள். வியாபாரியும் லாபம் வைத்துத்தான் எடுப்பார். பெரிய விலை போகக்கூடிய காசு என்று இரண்டு பேர் சொன்னால் மும்பை, பெங்களூரு ஏல நிறுவனங்களுக்குப் படம் அனுப்பலாம். அவர்களின் கமிஷனை முதலிலேயே கேட்டுவிடுங்கள்.

"ட்ராக்டர் போட்ட நோட்டுக்கு ஐந்து லட்சம், ராணி காசுக்குப் பத்து லட்சம்" வகை விளம்பரங்களுக்கு ஒரே அடையாளம், முதலில் உங்களிடம் பணம் கேட்பார்கள். பதிவுக் கட்டணம், வரி, ரிசர்வ் வங்கி அனுமதி என்று ஏதாவது பெயர் வைப்பார்கள். ரிசர்வ் வங்கியே 2021 ஆகஸ்டில் எச்சரிக்கை வெளியிட்டது: அவர்கள் இந்த வியாபாரத்தில் இல்லை, கமிஷன் வாங்க யாருக்கும் அனுமதி கொடுக்கவும் இல்லை.

சட்டம், சுருக்கமாக

பரணில் கிடைத்தது குடும்பச் சொத்து. கிணறு வெட்டும்போதோ அஸ்திவாரம் தோண்டும்போதோ மண்ணிலிருந்து வந்தால் கதை வேறு, 1878-ஆம் வருஷத்துப் புதையல் சட்டப்படி கலெக்டருக்குத் தெரிவிக்க வேண்டும். 100 வருஷம் தாண்டிய நாணயம் 1972-ஆம் வருஷச் சட்டப்படி தொல்பொருள். சிங்கப்பூரில் இருக்கும் மகனுக்குப் பார்சலில் அனுப்பிவிடலாம் என்று நினைக்காதீர்கள். ஒரே விற்பனைக்கு ரொக்கமாக இரண்டு லட்சமோ அதற்கு மேலோ வாங்கவும் கூடாது. பெரிய தொகை வந்தால் மூலதன ஆதாய வரி உண்டு. பரம்பரையாக வந்ததற்கு 2001 ஏப்ரல் 1 மதிப்பை அடக்க விலையாக எடுத்துக்கொள்ள வழி இருக்கிறது, ஆடிட்டரிடம் கேளுங்கள்.

அதைவிட முக்கியம் பங்காளிகள். விற்பதற்கு முன் 61 காசையும் இரண்டு பக்கமும் படம் எடுத்து, எடையோடு எழுதி, குடும்ப வாட்ஸ்அப்பில் போட்டேன். அதன் பிறகு ஒருவரும் "இன்னும் பத்து இருந்துச்சே" என்று கேட்கவில்லை.

வைத்துக்கொள்பவை

ரப்பர் பேண்டு போடாதீர்கள், அதிலுள்ள கந்தகம் வெள்ளியைக் கருக்கிவிடும். மென்மையான பிளாஸ்டிக் கவர்கள் நாளானால் பச்சையாகப் பிசுபிசுக்கும். நாணயக் கடைகளில் கிடைக்கும் மைலார் என்ற பிளாஸ்டிக் தாள் ஒட்டிய அட்டைகளை வாங்கி ஒவ்வொன்றாக வைத்து, டப்பாவில் சிலிகா ஜெல் பாக்கெட் ஒன்று போடுங்கள். காசை எப்போதும் விளிம்பில் மட்டும் பிடியுங்கள்.

நாங்கள் 40-ஐ உருக்கக் கொடுத்தோம், நான்கைக் கண்காட்சியில் விற்றோம், மீதியைப் பிரித்துக்கொண்டோம். என் பங்கில் 1911-உம் 1912-உம் சேர்த்து ஐந்து வந்தன.

ஒரு காசைப் பற்றி மட்டும் இன்னும் பேச்சு நடக்கிறது. மஞ்சள் துணியில் இறுக்கி முடிந்திருந்தது. அவிழ்த்தால் 1862 ராணி, நல்ல நிலையில். அத்தை கையைப் பிடித்துவிட்டார். "அதுல கை வைக்காதப்பா, யாரோ நேர்ந்துக்கிட்ட காசு." யார், எதற்காக நேர்ந்துகொண்டது என்று சொல்ல இப்போது ஆள் இல்லை. அதே துணியில் திரும்ப முடிந்து சாமி படத்துக்குப் பின்னால் வைத்திருக்கிறோம். மாசிக் களரிக்குக் குலதெய்வக் கோயிலுக்குப் போகும்போது உண்டியலில் போடுவதாகப் பேச்சு.